பாக்கி போகத்தான் தர்மம்

2020 ஏப்ரல் மாதத்து விற்பனைக் கணக்கை மாருதியும் ஹூண்டாயும் வெளியிட்டபோது, உள்நாட்டு விற்பனை என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. ஒரு மாதம் முழுக்க ஒரு கார்கூட விலைபோகவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஓடிவந்த ஹூண்டாய் ஆலை மார்ச் 23 அன்றே நின்றுவிட்டது. மத்திய அரசு முதலில் முடக்கச் சொன்ன 75 மாவட்டங்களில் காஞ்சிபுரமும் ஒன்று. மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை வந்தது. இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு. அந்த 21 நாள் மே 3 வரைக்கும், பிறகு 17 வரைக்கும், பிறகு 31 வரைக்கும் நீண்டது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை சிப்காட் வளாகங்கள் வரிசையாக இருக்கின்றன. கார், லாரி, புல்லட், டயர், செல்போன், கண்ணாடி என்று எல்லாம் அங்கே உருவாகின்றன. அணைத்தால் பாழாகிவிடும் கண்ணாடி உலை, ஆக்சிஜன் ஆலை போன்ற சிலவற்றைத் தவிர மற்ற கேட்டுகள் மூடின. மூன்று ஷிப்டுக்கும் ஆள் ஏற்றி இறக்கிய கம்பெனி பஸ்கள் ஓரங்கட்டப்பட்டன. ஒரகடம் கூட்ரோட்டில் நடுப்பகலில் சாலையைக் கடக்க இருபுறமும் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் போனது.

பெரிய கம்பெனிக்கு அந்தப் பூஜ்யம் மோசமான ஒரு காலாண்டு. ஒரு படி கீழே இறங்கியதும் அதுவே ஒருவரின் வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போகிற விஷயமாக ஆனது. இன்னொரு படி இறங்கியதும் ஒரு குடும்பத்தின் ராத்திரிச் சாப்பாடாக ஆனது. கொரோனா யாரையும் கேட்டுக்கொண்டு வரவில்லை. ஆனால் நஷ்டம் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை மனிதர்கள்தான் தீர்மானித்தார்கள். அன்று கொடுத்த அரிசி மூட்டைகளைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். கொடுக்க வேண்டியிருந்தும் கொடுக்காமல் விட்ட பணத்தைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்பது பழமொழி. ஊரடங்கு கற்றுத்தந்த பாடம் அதைவிடக் கண்டிப்பானது: பாக்கி போகத்தான் தர்மம்.

பட்டறைக்காரரின் ஏப்ரல்

ஒரு கார் ஆலை எல்லாப் பாகத்தையும் தானே செய்வதில்லை. இருக்கை, விளக்கு, பிரேக், வயரிங் என்று தனித்தனி கம்பெனிகள் செய்து, லைன் ஓடுகிற வேகத்துக்கு ஏற்ப நேரம் பார்த்து அனுப்புகின்றன. ஆலை ஸ்டாக் வைத்துக்கொள்வதில்லை. அந்தச் சுமை பாகம் செய்து தரும் வெண்டார் தலையில். அந்த வெண்டார்களுக்குச் சின்ன பாகம் கடைந்து கொடுப்பவர்கள் அடுத்த படி. அதற்கும் கீழே, துளை போட, பிசிறு எடுக்க, முலாம் பூச, பெயின்ட் அடிக்க என்று ஜாப் ஒர்க் பட்டறைகள். பொருள் கீழிருந்து மேலே வேகமாக ஏறும். பணம் மேலிருந்து கீழே நிதானமாக இறங்கும். 60 நாள், 90 நாள் என்பதெல்லாம் இங்கே சகஜம்.

திருமுடிவாக்கம் சிட்கோ எஸ்டேட்டிலோ இருங்காட்டுக்கோட்டையைச் சுற்றிய வாடகை ஷெட்டிலோ நாலு மெஷின் போட்டு, எட்டுப் பத்துப் பேரை வைத்து ஓட்டும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். மார்ச் 23 அன்று கடைந்து முடித்த பீஸ்கள் டெலிவரி சலான் போட்டபடி கிரேட்டில் கிடக்கின்றன. எடுத்துப்போக வண்டி இல்லை. ஜனவரி பில்லுக்கே இன்னும் பணம் வரவில்லை. அந்தப் பில்லுக்கான ஜிஎஸ்டியை அவர் அடுத்த மாதமே கட்டிவிட்டார். கையில் பணம் வந்ததா இல்லையா என்பதைப் பற்றி அந்த வரிக்குக் கவலையில்லை. ஷெட் வாடகை, மெஷின் லோன் இஎம்ஐ, மின்சாரத்துக்கு நிலைக்கட்டணம் எல்லாம் மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உண்டு. பூட்டிய ஷெட்டுக்குள் கூலன்ட் புளித்து நாறத் தொடங்கும். சிஎன்சி கண்ட்ரோலில் உள்ள பேட்டரி பலவீனமாக இருந்தால், நாள்கணக்கில் கரண்ட் இல்லாதபோது பாராமீட்டர் முழுவதும் அழிந்துவிடும். அதைத் திரும்ப ஏற்ற சர்வீஸ் ஆள் வர வேண்டும். அதற்கு ஒரு செலவு. ஷெட்டைத் திறந்து மெஷினை அரை மணி நேரம் ஓடவிட்டு வருவதற்குப் பாஸ் கேட்டு அலைந்த பட்டறைக்காரர்கள் உண்டு.

"சார், ஜனவரி பில்லே இன்னும் வரல. பசங்களுக்குச் சம்பளம் போடணும்."

"எங்களுக்கே மேலருந்து வரலைங்க. ஆபீஸ் திறக்கட்டும், பாத்துக்கலாம்."

வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் அந்த ஏப்ரலில் எல்லா எஸ்டேட்டிலும் பேசப்பட்டது இதுதான். இதில் கவனிக்க வேண்டியது, எதிர்முனையில் இருப்பவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் மேலிருந்து வரவில்லை. ஒவ்வொருவரும் தமக்கு மேலே உள்ளவரைக் காட்டினார்கள். தமக்குக் கீழே உள்ளவரைக் காத்திருக்கச் சொன்னார்கள். கடைசியில் இருந்தவருக்குக் காத்திருக்கச் சொல்ல ஆள் இல்லை, அவருடைய வயிற்றைத் தவிர.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006 ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, சரக்கையோ வேலையையோ ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. புகார் கொடுக்க மாநிலத்தில் தனி மன்றமும் உண்டு. ஆனால் புகார் கொடுத்தவருக்கு அடுத்த மாத ஷெட்யூல் வருமா? பில் பாக்கி வைத்தவரே நாளைய ஆர்டரையும் வைத்திருப்பதால், நியாயம் கேட்க ஒரு பட்டறைக்காரர் தன் தொழிலையே பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. அரசும் இதில் கை கழுவிக்கொள்ள முடியாது. 2020 மே 13 அன்று மத்திய நிதியமைச்சர் சிறுதொழில் நிவாரணங்களை அறிவித்தபோது, அரசும் பொதுத்துறை நிறுவனங்களும் வைத்துள்ள பாக்கி 45 நாளுக்குள் தீர்க்கப்படும் என்பதும் அந்த அறிவிப்புகளில் ஒன்று. சட்டம் வந்து 14 ஆண்டு கழித்து, அதைக் கடைப்பிடிப்பதே ஒரு நிவாரணமாக அறிவிக்கப்பட்டது.

கடனாக வந்த உதவி

அதே அறிவிப்பில் பெரிதாகப் பேசப்பட்டது 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன். பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை கூடுதலாகத் தருவார்கள். அரசு முழு உத்தரவாதம். அசலைக் கட்ட ஓராண்டு அவகாசம். பலரைத் தாங்கிப் பிடித்த திட்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் நுழைய ஏற்கெனவே வங்கிக் கடன் இருக்க வேண்டும். நகையை வைத்தும் சீட்டு எடுத்தும் மச்சானிடம் கைமாற்று வாங்கியும் மெஷின் போட்டவருக்கு 20 சதவீதம் எதில் கணக்கிடுவது? ரிசர்வ் வங்கி தந்த தவணைச் சலுகை மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் இருந்தது. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. வட்டிக்கு வட்டி போடக் கூடாது என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

ஜெர்மனியில் வேலை குறைந்த காலத்தில் தொழிலாளியை வேலையை விட்டு எடுக்காமல் வைத்துக்கொண்டால், அவர் இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை அரசு தரும். குழந்தை இருந்தால் 67. நெருக்கடி நீண்டபோது அந்த விகிதத்தை இன்னும் உயர்த்தினார்கள். பிரிட்டனில் மாதம் 2,500 பவுண்டு உச்சவரம்போடு சம்பளத்தின் 80 சதவீதத்தை அரசு ஏற்றது. அந்த நாடுகளின் கஜானாவும் நம்முடையதும் ஒன்றில்லை. ஆனாலும் அணுகுமுறையில் உள்ள வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். அங்கே போன வருமானத்தில் ஒரு பங்கை நாடு ஏற்றது. இங்கே போன வருமானத்தை நாளைய வருமானத்திலிருந்து கடன் வாங்கிக்கொள்ளச் சொன்னோம். அதனால் முதல் ஊரடங்கு 2020 இல் முடிந்தும், அதன் தவணை 2024 வரை சிலரைத் துரத்தியது.

பன்னிரண்டு பேர் அறை

ஒரகடம், வல்லம், மாத்தூர், சுங்குவார்சத்திரம் பக்கம் நிலத்தைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்தவர்கள், மிச்சமிருந்த இடத்தில் லைன் வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பத்துக்குப் பத்து அறை, வரிசைக் கடைசியில் பொதுக் கழிவறை. இந்த அறைகளின் கணக்கு ஷிப்டை வைத்துப் போட்டது. ஆறு பேர் வேலைக்குப் போனால் ஆறு பேர் படுப்பார்கள். அவர்கள் எழுந்து கிளம்பினால் இவர்கள் வந்து அதே பாயில் சாய்வார்கள். ஆலை நின்ற அன்று பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் அறைக்குள் இருந்தார்கள். ஆறடி இடைவெளி விடுங்கள் என்று வெளியே ஆட்டோவில் ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டு போனது. உள்ளே பாயே ஆறு பேருக்குத்தான்.

அவர்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் பிள்ளைகள் உண்டு. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலோர் கம்பெனி ஆட்கள் இல்லை. காண்ட்ராக்ட், அப்ரண்டிஸ், ட்ரெயினி என்று வெவ்வேறு பெயரில், நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்திலேயே நின்று அதே வேலையைச் செய்பவர்கள். லைன் நின்றதும் அவர்களுடைய பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்ற கேள்வி வந்தது. கம்பெனி ஹெச்ஆர் காண்ட்ராக்டரைக் கேட்கச் சொன்னார். காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. அன்று நடைமுறையில் இருந்த 1970 ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் இதில் தெளிவாகவே இருந்தது: காண்ட்ராக்டர் கூலி தராவிட்டால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனம் தர வேண்டும், பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். ஆனால் செய்த வேலைக்குத்தான் அது கூலி. வேலையே நின்ற நாட்களுக்கு? வேலை தராமல் நிறுத்திவைக்கும் லே-ஆஃப் காலத்தில் பாதிச் சம்பளம் என்று தொழில் தகராறு சட்டம் சொன்னது. அதுவும் 50 பேருக்குக் குறையாத ஆலையில், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்து, பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு. எட்டுப் பேர் பட்டறையும் எட்டு மாத ட்ரெயினியும் அந்த வாசலுக்கு வெளியே நின்றார்கள்.

2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை ஓர் ஆணை போட்டது: ஊரடங்கு நாட்களுக்கும் பிடித்தமில்லாமல் முழுச் சம்பளம் தர வேண்டும், வெளியூர்த் தொழிலாளர்களிடம் வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகை கேட்கக் கூடாது. கேட்க நல்ல ஆணை. ஆனால் 90 நாள் பில் பாக்கி உள்ள பட்டறைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்? லைன் வீடு கட்ட வங்கியில் வாங்கிய கடனுக்கு வீட்டுக்காரர் என்ன சொல்வார்? ஆணை கடைசிக் கண்ணியைக் கட்டியது. மேலே உள்ள கண்ணிகளைத் தொடவில்லை. சிறு நிறுவனங்களும் லூதியானா கைக்கருவி உற்பத்தியாளர் சங்கம் போன்ற அமைப்புகளும் உச்ச நீதிமன்றம் போயின. மே 18 முதல் அரசே ஆணையைத் திரும்பப் பெற்றது. சம்பளம் தராத முதலாளிகள் மேல் கடும் நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஜூன் 12 அன்று நீதிமன்றம் சொன்னது. பேசுவதற்கு இரண்டு பேர் வேண்டும். வெளியூர்த் தொழிலாளர்களுக்காக மே 1 முதல் ஓடத் தொடங்கிய ஷ்ரமிக் ரயில்களில் ஒரு தரப்பு அதற்குள் ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

அறைகளில் தங்கியவர்களைப் பல இடங்களில் காப்பாற்றியது மளிகைக் கடைக் கணக்கு நோட்டும் மெஸ்காரர்களும்தான். சம்பளம் வந்ததும் தருகிறோம் என்ற ஒரு வார்த்தையை நம்பி அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். இந்த நீண்ட சங்கிலியில் மிகக் குறைந்த முதல் வைத்திருந்தவர், மிக அதிகக் கடன் கொடுத்தார். அவருக்கு எந்த வங்கியும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. ரயில் ஏறியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்து அந்தப் பக்கத்தை அடித்துத் தீர்த்தார்கள் என்பது அந்தந்த நோட்டுக்குத்தான் தெரியும்.

கணக்கில் இல்லாத ஆள்

சின்ன முதலாளியை இதுவரை பாதிக்கப்பட்டவராகவே பார்த்தோம். அவருடைய தராசையும் பார்க்க வேண்டும். மார்ச் 28 அன்று பிஎஃப் விதி தளர்ந்தது: மூன்று மாத அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும், அல்லது கணக்கில் உள்ளதில் 75 சதவீதம், எது குறைவோ அதைத் திரும்பக் கட்டாத முன்பணமாக எடுக்க முடிந்தது. பிறகு, இஎஸ்ஐயில் வேலையிழந்தவருக்கான உதவி 90 நாள் வரை சராசரிச் சம்பளத்தில் பாதியாக உயர்ந்தது. பெயர் பதிந்து சந்தா கட்டப்பட்ட தொழிலாளிக்கு இவை கைகொடுத்தன. 'பிடிச்சா கைக்கு வர்றது குறையும், உனக்குத்தான் நஷ்டம்' என்று சொல்லி, ஆளைக் கணக்கில் காட்டாமல் வைத்திருந்த பட்டறையில் வேலை பார்த்தவருக்கு எதுவும் இல்லை. அந்தச் சேமிப்பு முதலாளிக்கு மாதாமாதம் கொஞ்சம் லாபமாக இருந்திருக்கும். ஊரடங்கு வந்த நாளில் அது தொழிலாளியின் மூன்று மாதச் சோறாக இருந்தது. மேலே இருப்பவர் தனக்குத் தராததைச் சொல்லிப் புலம்புகிறவர், தான் கீழே தராததையும் அதே நோட்டில் எழுதிப் பார்க்க வேண்டும்.

அதேபோல் ஒளிவுமறைவு. கையில் பணம் இல்லாதது குற்றமில்லை. போனை அணைத்துவைத்தது குற்றம். இவ்வளவுதான் வந்திருக்கிறது, இவ்வளவுதான் தர முடியும், மீதி இந்தத் தேதிக்குள் என்று கணக்கைத் திறந்து காட்டியவரைத் தொழிலாளர்கள் திட்டவில்லை. பட்டறை திறந்ததும் திரும்பி வந்தார்கள். 2020 மே மாதத்தில் ஆலைகள் மெல்லத் திறந்தன. மே 8 அன்று ஹூண்டாய் முதல் நாளில் 200 கார் செய்தது. அப்போது, ஆளே கிடைக்கவில்லை என்று எஸ்டேட்டுகளில் எழுந்த புலம்பலுக்கு ஓரளவு விடை ஏப்ரல் மாதத்து போன் அழைப்புகளில் இருந்தது.

உயிருக்கும் ஒரு பாக்கி உண்டு

பாக்கி என்றால் பணம் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. 2021 இல் இரண்டாம் அலை வந்தபோது கேள்வி தலைகீழானது. முதல் அலையில் ஆலை நின்றதால் தொழிலாளி தவித்தார். இரண்டாம் அலையில் ஆலை நிற்காததால் தவித்தார். அந்த ஏப்ரலில் ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் ஆக்சிஜன் ஆந்திராவுக்கும் தெலங்கானாவுக்கும் திருப்பிவிடப்பட்டதை நிறுத்தும்படி அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அந்த அளவுக்கு மூச்சுக்குத் தட்டுப்பாடு. அந்த ஆக்சிஜன் ஆலையில் இரவு பகலாக நின்றவர்களின் வேலை அவசியம் என்பதை யாரும் கேள்வி கேட்க முடியாது. மே 10 முதல் மாநிலம் முழுவதும் ஊரடங்கு. ஆனால் கார் ஆலைகள் ஓட அனுமதி இருந்தது. ஆக்சிஜனுக்கும் காருக்கும் அவசியத்தில் ஒரே தட்டா என்பது லைனில் நின்றவர்கள் கேட்ட கேள்வி.

ரெனோ-நிசான் தொழிலாளர் சங்கம் சென்னை உயர் நீதிமன்றம் போனது. லைன் ஓடுகிற வேகத்தில் ஒரு கார் பாடியைச் சுற்றிப் பலர் நெருங்கி நின்றாக வேண்டும்; இடையிடையே காலி இடம் விட்டு ஓட்டினால்தான் இடைவெளி கிடைக்கும் என்று தொழிலாளர்கள் வாதிட்டார்கள். தொழிலகப் பாதுகாப்பு அதிகாரிகளை நேரில் போய்ப் பார்க்கச் சொன்னது நீதிமன்றம். மே 24 அன்று ஹூண்டாய் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். மறுநாள் முதல் ஐந்து நாள் ஆலை மூடப்பட்டது. அந்த வாரத்தில் ரெனோ-நிசானும் சில நாள் நிறுத்தியது.

காலி இடம் விட்டால் ஒரு மணி நேரத்துக்கு வருகிற கார் குறையும். அந்தக் குறைவுக்கு ஒரு விலை உண்டு. சங்கம் இருந்த இடத்தில் அந்த விலை என்ன, யார் ஏற்பது என்று வாய்விட்டுக் கேட்க முடிந்தது. சங்கம் இல்லாத பட்டறைகளில் கேட்காமலே தொழிலாளி ஏற்றார். பயமாக இருக்கிறது என்று சொல்கிற ஆளை வேலைக்கள்ளன் என்று பார்க்காத மேஸ்திரிதான் அந்த மே மாதத்தில் உண்மையான பெரிய மனிதர்.

தங்குமிடமும் இதே கணக்கில் சேரும். பன்னிரண்டு பேர் அறையை 2020 இல் எல்லோரும் பார்த்தோம். ஆனாலும் 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைக்கு வேலைக்குப் போன பெண்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்ந்த பிறகு, தோழிகள் பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான், அந்தத் தங்குமிடங்கள் நாட்டின் கண்ணில் பட்டன. ஆலை மூடி 2022 ஜனவரி 12 அன்று திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பை 706.50 கோடி ரூபாயில் சிப்காட் கட்டித் திறந்தது. நல்ல வேலை, தாமதமான வேலை. தூரத்து ஊர்ப் பிள்ளையை வேலைக்கு வரச் சொல்கிற அன்றே அவள் படுக்கும் இடமும் குடிக்கும் தண்ணீரும் நம் பொறுப்பாகிவிடுகின்றன. அது சலுகைப் பட்டியலில் வராது.

ஒப்புரவுக்குப் பிறகுதான் ஈகை

திருக்குறளின் இல்லறவியலில் 22 ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23 ஆம் அதிகாரம் ஈகை. ஒருவரோடு ஒருவர் கலந்து வாழும்போது செய்தாக வேண்டியது முன்னே வருகிறது. இல்லாதவருக்கு இரங்கிக் கொடுப்பது பின்னே வருகிறது. 2020 இல் நாம் இந்த வரிசையைப் புரட்டிப் போட்டோம். நிவாரணப் பையும் போட்டோவும் முதலில் வந்தன. பில் பாக்கி, கூலி பாக்கி, பிஎஃப் பாக்கி எல்லாம் நிலைமை சரியாகட்டும் என்று பின்னே தள்ளப்பட்டன. பையைக் கொடுத்த கையை யாரும் பழிக்க வேண்டாம். பசித்த வயிறு அதை வாங்கியது, வாழ்த்தியது. ஆனால் உரிய நாளில் உரிய பணம் போயிருந்தால், அந்த வரிசையில் நின்றவர்களில் பலர் கையேந்தியிருக்க வேண்டியதில்லை. தன் உழைப்பின் கூலியை ஒருவர் இன்னொருவரின் கருணையாக வாங்கிக்கொண்டு கும்பிட்டார். ஊரடங்கு செய்த காயங்களில் அது ஒன்று, அதற்கு எந்த நிவாரணமும் அறிவிக்கப்படவில்லை.

இந்தத் தொழிற்பேட்டைகள் நிற்பது ஏரி மாவட்டத்தில். ஏரிப் பாசனத்தில் தண்ணீர் குறைந்த வருஷத்துக்கு ஒரு முறை உண்டு. மதகுக்குப் பக்கத்து வயல்காரர் தன் வயல் நிரம்பட்டும் என்று மடையை அடைக்கக் கூடாது. நீர்க்கட்டி ஒருவர் இருந்து, முறை வைத்து, கடைமடைக்கும் கொஞ்சம் போய்ச் சேரும்படி பிரித்துவிடுவார். எல்லோருக்கும் குறையும், ஆனால் யாருக்கும் இல்லாமல் போகாது. பணத்துக்கும் அந்த முறைதான் வேண்டும். தட்டுப்பாடு காலத்தில் முதலில் பணம் போக வேண்டியது கடைசிப் படிக்கு. ஏனென்றால் அவருக்குத்தான் தாங்கும் நாட்கள் குறைவு. பெரிய கம்பெனிக்கு மாதக்கணக்கில் தாங்கும் பலம் உண்டு, வெண்டாருக்கு வாரக்கணக்கில், லைன் வீட்டுப் பிள்ளைக்கு நாள்கணக்கில்.

செய்யக் கூடியவை எட்டாத உயரத்தில் இல்லை. தொகை குறைந்த பில்களையும் ஜாப் ஒர்க் பில்களையும் முதலில் தீர்ப்பது என்று ஒரு கொள்முதல் பிரிவு எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்தத் தொகைகளால் பெரிய கம்பெனியின் கையிருப்பு அசையாது. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில் பணம் தராவிட்டால் அந்தச் செலவை அவ்வாண்டு வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பயந்தாவது கொடுக்கலாம். பழகிவிட்டால் பயம் தேவைப்படாது. காண்ட்ராக்டரை மாற்றும்போது விலையை மட்டும் பார்க்காமல், நின்ற நாட்களுக்கு அவர் ஆட்களுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் ஒப்பந்தத்தில் கேட்கலாம். பட்டறைக்காரர் சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு செய்து, வேலை ஒப்படைத்த தேதியை ஒவ்வொரு பில்லிலும் எழுதி, தன்னிடம் வேலை பார்க்கும் எல்லாரையும் கணக்கில் கொண்டுவரலாம். ஒரு மாதச் சம்பளத்தை லாபத்தில் சேர்க்காமல் தனிக் கணக்கில் ஒதுக்கலாம். ஒரே நாளில் சேராது. மாதம் ஒரு நாள் கூலி வீதம் ஒதுக்கினால் இரண்டரை ஆண்டில் சேர்ந்துவிடும்.

தொழிலாளியின் பக்கமும் ஒரு கடமை இருக்கிறது. சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்குவதும், பிஎஃப் எண்ணையும் இஎஸ்ஐ எண்ணையும் தெரிந்துவைத்திருப்பதும், நோட்டில் பாக்கி வைத்துப் போன மளிகைக் கடைக்காரரைத் திரும்பி வந்து பார்ப்பதும் அதில் சேரும். பாக்கிக்கு மேல்தட்டு, கீழ்த்தட்டு கிடையாது.

ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் சாலை நின்றது 2020 இல் முதல் முறை இல்லை. 2014 நவம்பர் 1 அன்று நோக்கியா ஆலை நின்றது. 2015 டிசம்பர் மழையில் கார் ஆலைகள் நின்றன. அடுத்த முறை வெள்ளமாக வரலாம், ஏற்றுமதி முடங்கலாம், ஒரு மாடல் விலைபோகாமல் நிற்கலாம். எதுவாக வந்தாலும் முதல் வாரத்தில் எல்லோரும் எதிர்கொள்ளப் போகும் கேள்வி ஒன்றுதான்: கையில் இருப்பது யாருக்குச் சேர வேண்டிய பணம்? நெருக்கடி வந்த பிறகு இதை யோசிக்க உட்காருகிறவர் தனக்குச் சாதகமான விடையைத்தான் எழுதுவார். ஆலை ஓடுகிற, சம்பளம் வருகிற, தலை தெளிவாக இருக்கிற ஒரு சாதாரண மாதத்தில் அதை எழுதிவைக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு தர வேண்டும், எந்தத் தேதிக்குள், யாருக்கு முதலில் என்று மூன்று பத்தி போட்டால் போதும். அந்தத் தாளில் உள்ள பெயர்களை எல்லாம் அடித்துத் தீர்த்த பிறகு மிஞ்சுவதை எவ்வளவு வேண்டுமானாலும் தர்மம் செய்யலாம். அதுவரை நாம் கொடுப்பது நம்முடைய பணம் இல்லை.